தர்மபுரியில் ஸ்டாஃப் நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்க முடியுமா?

கேள்வி: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து பாலக்கோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். நைட் டூட்டி பார்த்துக்கொண்டே பகலில் போஸ்ட் பேசிக் (ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான டிகிரி) படித்துவிடலாம் என்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது, எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நைட் டூட்டியோடு ரெகுலர் போஸ்ட் பேசிக் ஒத்துவராது. ஒத்துவரும் என்று சொல்பவர் பெரும்பாலும் அட்மிஷன் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டாக இருப்பார். இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி முதல் வருடம் வகுப்பு 525 மணி நேரம், பிராக்டிகல் 810 மணி நேரம். இரண்டாம் வருடம் 345, 855. முதல் வருட பிராக்டிகலை மட்டும் நாளுக்கு 6 மணி நேரமாக வகுத்தாலே 135 நாள் ஆகிறது. பரீட்சைக்கு உட்கார 80 சதவீத வருகை போதும். ஆனால் பிராக்டிகலில் விட்ட மிச்ச நாட்களையும் டிகிரி வாங்குவதற்குள் நூற்றுக்கு நூறு ஈடுகட்டியாக வேண்டும். அட்மிஷன் நேரத்தில் இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை.

"நீங்க வரவே வேண்டாம், அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். ஒரே தேதிகளில் முழுநேர வேலைக்கு அனுபவச் சான்றிதழும் முழுநேரப் படிப்புக்கு டிரான்ஸ்கிரிப்டும் (படித்த பாடங்களின் விவரச் சான்று) இருந்தால், சரிபார்ப்பவர் இரண்டையுமே நம்பமாட்டார். வெளிநாட்டு நர்சிங் கவுன்சில்கள் மணிக்கணக்கோடு டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போதுதான் இது வெடிக்கும், அப்போது திருத்த வழியே இருக்காது. வேலையை விடவே முடியாது என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக்கைப் பாருங்கள். அது 3 வருடம். கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்த பிறகு 2 வருட அனுபவமும் நுழைவுத் தேர்வும் வேண்டும்.

அதற்கு முன், இந்த டிகிரி உங்களுக்கு எதற்கு? எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு நர்ஸ் ஆவதுதான் குறி என்றால் ஜி.என்.எம். தகுதியே போதும். நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் இருந்தால் ஜி.என்.எம். செல்லும், போஸ்ட் பேசிக் முடித்தால் அந்த அனுபவக் கட்டாயம் இல்லை. சின்ன நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். டியூட்டர் (நர்சிங் ஆசிரியர்) வேலை, எம்.எஸ்சி. இரண்டுக்கும் டிகிரி இல்லாமல் முடியாது. எம்.எஸ்சி.க்கு 55 சதவீதம் வேண்டும், ஆகவே வெறும் பாஸ் மார்க்கான 50-ஐக் குறிவைத்துப் படிக்காதீர்கள். உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரியில் சம்பளம் கூடும் என்பதற்காக மட்டும் என்றால், என் கருத்தில் இரண்டு வருடச் சம்பளத்தை இழப்பது நஷ்டக் கணக்கு.

விண்ணப்பத்துக்கு பிளஸ் டூ, ஜி.என்.எம். தேர்ச்சி, மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸ் மற்றும் மிட்வைஃப் பதிவு வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு வழியாக ஆன்லைனில், நிர்வாக இடங்களுக்கு நேரடியாகக் கல்லூரியில். எந்தக் கல்லூரியானாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர், போஸ்ட் பேசிக்குக்கு எத்தனை சீட் என்ற மூன்றையும் அந்தந்த வருடத்துக்குப் பாருங்கள். நாலு வருட பி.எஸ்சி.க்கு அனுமதி இருப்பதை வைத்து போஸ்ட் பேசிக்குக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

மார்க்கைவிட அதிகம் பேரைக் கழுத்தறுப்பது காகிதம்தான். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஜி.என்.எம். சான்றிதழில் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அட்டையில் வீட்டுக்காரர் இனிஷியல் என்று ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும். பத்தாவது சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து, விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே ஆதாரைச் சரிசெய்யுங்கள். அடுத்த சிக்கல் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் அதிகம்: பெங்களூரில் ஜி.என்.எம். முடித்து கர்நாடக கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். இங்கே சேர அந்தப் பதிவைத் தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும். இரண்டு கவுன்சிலும் ஒன்றுக்கொன்று எழுதிச் சரிபார்ப்பதால் வாரக்கணக்கில் இழுக்கும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் அந்த வருடம் போச்சு.

உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா? பாண்டு என்று சொல்லி வாங்கி வைத்திருந்தால், ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் ஆர்டரோடு வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்சிலிங்கில் ஒரிஜினல் இல்லாமல் நின்றால் சீட்டு கைநழுவும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பாடத்திட்டத்தில் மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும் பயிற்சி) இல்லாமல் முடித்தவர்கள், அதற்கு ஈடாக ஆபரேஷன் தியேட்டர், மனநலம் போன்ற ஒன்றில் 6 முதல் 9 மாதப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும்.

சேர்ந்த பிறகு முதலில் சறுக்குவது உயிர்வேதியியல், உயிர் இயற்பியல் சேர்ந்த தாளில். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் ஜி.என்.எம். சேரலாம் என்பதால் காமர்ஸ் குரூப்பில் இருந்து வந்தவர்களுக்கு அமிலம், காரம், பி.ஹெச். என்பதே புதுசு. வார்டில் தினமும் பார்க்கும் ரிப்போர்ட்டில் இருந்து பிடியுங்கள். கீட்டோ அசிடோசிஸில் (கீட்டோன் கூடி ரத்தம் அமிலமாகும் நிலை) வந்த சுகர் பேஷன்ட்டின் ஏ.பி.ஜி.யை (ரத்த வாயு, அமில-காரச் சோதனை) வைத்துக்கொண்டு படித்தால் கொழுப்பு வளர்சிதை மாற்றம், கீட்டோன், பைகார்பனேட் தாங்கல் (பஃபர்) மூன்றும் ஒரே மூச்சில் புரியும்.

வேலை பார்த்த நர்ஸ்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடிவாங்குவது வேறு காரணத்தால். கை வேகமாக வேலை செய்யும், ஏன் என்று கேட்டால் வாய் நின்றுவிடும். நம் பக்கம் வயல்காட்டில் இருந்து வரும் பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 நிமிட ரத்த உறைதல் சோதனையைப் பலமுறை செய்திருப்பீர்கள்: சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பிறகு உறைந்ததா என்று சாய்த்துப் பார்ப்பது. ஏன் கண்ணாடி? கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது, பிளாஸ்டிக் அதைச் செய்யாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அந்தத் தூண்டல் கெட்டு, விஷம் ஏறாதவர் ரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாமல் 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏறிவிடும். ரத்தம் உறைந்துவிட்டது என்றால் பயமில்லையா? நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் உறையும், ஆனால் இமை சரியும், மூச்சு நிற்கும். கேர் பிளானில் (நோயாளி பராமரிப்புத் திட்டத்தில்) செய்கைக்குப் பக்கத்தில் இருக்கும் காரணக் கட்டத்துக்கு எழுத வேண்டியது இதைத்தான். "டாக்டர் ஆர்டர்படி" என்று அங்கே எழுதினால் மார்க் வராது.

இரண்டாம் வருடத்தில் சமுதாய நலம், மனநலம் தலா 240 மணி நேர பிராக்டிகல், நிர்வாகம் 180, ஆராய்ச்சி 120. மனநலப் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) பல கல்லூரிகளுக்கு வெளியூரில்தான். தங்கும் செலவு ஃபீஸில் சேர்ந்ததா என்று அட்மிஷன் அன்றே எழுத்தில் கேளுங்கள். ஆராய்ச்சிக்கு ஊர்ப் பிரச்சினையையே எடுங்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காக. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினால் பல்லில் கறை என்பது தாய்மார்களுக்குத் தெரிகிறதா என்பதே நல்ல தலைப்பு. சாம்பிள் 30 போதும் என்று நிறுத்தாதீர்கள்: படிப்பு, வருமானம் என்று பிரித்தால் கட்டத்துக்கு 5 பேர்கூடத் தேறாது, கை-வர்க்கச் சோதனை (கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை) செல்லாது. குறைந்தது 60 பேராவது வையுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போவதானால் தமிழ்க் கேள்வித்தாள் மட்டும் பத்தாது, கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகள் அதிகம். நெறிமுறைக் குழு அனுமதி வருவதற்கு முன் ஒரு வீட்டிலும் தகவல் எடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத் தேதிக்கு முந்தைய தகவலைத் தேர்வாளர் ஏற்கமாட்டார்.

கொஞ்சமாவது சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை பகல் டூட்டி மட்டும் கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டை அன்றன்றைக்கு எழுதி, போஸ்டிங் முடியும் நாளிலேயே மேடத்திடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வேறு வார்டுக்கு மாறிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவதில் போகும் ஞாயிறுகள் எண்ணிக்கையில் அடங்காது.