பட்டறைப் பதில்கள்: றெக்கைக்குக் கீழே என்ன தொங்குகிறது?

கேள்வி: எங்கள் வீடு சூலூர் விமானப் படைத் தளத்துக்குப் பக்கம். தேஜஸ் போர் விமானத்தின் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவேன். "ஆளைக் கொல்றதுக்குச் செஞ்ச மிஷின்ல என்ன அழகைக் கண்டே?" என்று அப்பா திட்டுகிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ரசிப்பது தப்பா? (கல்லூரி மாணவி, சூலூர்)

பதில்: தப்பே இல்லை அம்மிணி. நானும் ஓடுகிற ஆள்தான். முட்டி வலியால் இப்போது வாசலோடு சரி. ஃபவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்து வயிறு வளர்த்தவன் நான். மரத்தில் ஒரு வளைவை இழைத்து, மணலில் பதித்து, இரும்பாக வெளியே வருவதைப் பார்க்கிற பிழைப்பு. அப்படிப் பழகின கண்ணுக்கு, வளைவு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்பதுதான் முதலில் படும். அந்தச் சாமான் எதற்கு என்கிற யோசனை அப்புறம்தான் வரும்.

அடுத்த முறை தேஜஸ் வந்தால் றெக்கையின் முன் ஓரத்தைக் கவனியுங்கள். உடம்பை ஒட்டின இடத்தில் ஒரு சாய்வு. கொஞ்சம் தள்ளி, அதைவிட அதிகமாகப் பின்னுக்கு இழுத்த சாய்வு. ஒரே நேர்க்கோடாக விட்டிருந்தால் செய்வது லேசு. ஆனால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அந்த முறிவில்தான் காற்று சுருண்டு, றெக்கை மேலேயே ஒட்டி ஓடுகிறது. பின்பக்கம் கிடையாக வைக்கிற குட்டி றெக்கை இதற்குக் கிடையாது. எழுந்து நிற்கிற வால் ஒன்றுதான். எடையும் மிச்சம், காற்றின் இழுவையும் மிச்சம். நீளம் 13.2 மீட்டர், றெக்கை நுனிக்கு நுனி 8.2 மீட்டர். சண்டை விமானங்களில் பொடிசு. தானாக நிலைத்துப் பறக்காதபடி வேண்டுமென்றே வடிவமைத்து, நொடிக்குப் பலமுறை கம்ப்யூட்டர் திருத்துகிற மாதிரி செய்திருக்கிறார்கள். திரும்பும்போது தெரிகிற சுறுசுறுப்பு அதில் வருவது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமாக இருக்கிற காலையில் வெடுக்கென்று திரும்பினால் றெக்கை மேலே வெள்ளையாக ஆவி பூத்து, கண் சிமிட்டுவதற்குள் மறையும். அழுத்தம் சட்டென்று இறங்குகிற இடம் அது. காற்று என்ன செய்கிறது என்று நமக்குக் காட்டிவிட்டுப் போகிறது.

நம் கோயமுத்தூர் மோட்டார் பம்ப்பின் கேசிங்கை, அதாவது வெளிக்கூட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே சுழல்கிற இம்பெல்லரைச் சுற்றிப் போகப் போக விரிந்துகொண்டே வரும். தண்ணீர் கேட்ட வடிவம் அது. தேஜஸ் றெக்கை காற்று கேட்ட வடிவம். இரண்டையும் ரசிக்கிற கண் ஒன்றுதான்.

இதோடு நிறுத்தினால் உங்கள் அப்பாவிடம் தோற்றுப்போவோம். பம்ப் வாயில் தண்ணீர் வரும். தேஜஸ் றெக்கைக்குக் கீழே பாருங்கள்: பெருத்து வழுவழுவென்று இருந்தால் எரிபொருள் டேங்க், ஒல்லியாக, குட்டிக் குட்டித் தகடுகள் முளைத்திருந்தால் ஏவுகணை. நம் கண் பழகிப்போய் அதைத் துடைத்துவிட்டுத்தான் விமானத்தைப் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கஷ்டம். சத்தம் கேட்டால் நீங்கள் மாடிக்கு ஓடுகிறீர்கள். சத்தம் கேட்டால் குழிக்குள் ஓடினவர்களும் நம் பாஷை பேசுகிறவர்கள்தான். இலங்கையின் வன்னியில், குண்டு போட வந்த அந்நாட்டு விமானப் படையின் 'கிபிர்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுவும் முக்கோண றெக்கைதான். கோடும் வளைவுமாகப் பார்த்தால் லட்சணமான விமானம்தான். அந்த ஊர்க்காரரிடம் போய் "கிபிர் அழகாக இருக்குமா?" என்று கேட்க எனக்கு வாய் வராது. நாம் நிற்கிற இடமும் சேர்ந்துதான் நமக்கு அழகைக் காட்டுகிறது.

நாம் நிற்கிற பக்கத்திலும் உயிர் போகத்தான் செய்கிறது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்தது. ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால் உங்கள் சூலூரில் பணியில் இருந்தவர். அங்கே சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நம்மைப் போல அண்ணாந்து பார்க்க வந்த கூட்டத்துக்காகப் பறந்து காட்டினார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நாளைக்குச் சத்தம் கேட்டால் ஓடத்தான் போகிறீர்கள். ஓடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் றெக்கையைப் பாருங்கள், அவர் கீழே தொங்குவதைப் பார்க்கட்டும். மறு சுற்றில் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: தொண்டைமானின் ஆயுதச் சாலைக்குத் தூது போன ஔவையார், அங்கே அலங்காரமாக வைத்திருந்த ஆயுதங்களைக் கேலி செய்து பாடினார். போர்க் கருவியில் அழகு பார்ப்பவர்களுக்கு இதைவிடச் சூடு வேண்டுமா? (தமிழாசிரியர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: வாத்தியாரய்யா, உங்களிடம் புறநானூறு பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் வம்பை விட மனசில்லை. 95ஆம் பாட்டில் அந்த அம்மாள் சொல்வது என்ன? இங்கே இருப்பவை மயில் பீலி கட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. கேலி அழகின் மேல் என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கேலி, உபயோகப்படாமல் சும்மா இருப்பதன் மேல். பாட்டில் பெருமை முழுக்கக் குத்தி முறிந்த வேலுக்குத்தான் போகிறது. யார் உடம்பில் குத்தி முறிந்தது என்று பாட்டு கேட்கவில்லை. சண்டையை நிறுத்தப் பாடினது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பெருமை எனக்கு ஒட்டவில்லை.

நான் கொல்லன் கட்சி. பீலி கட்டின வேலும் முறிந்த வேலும் அவனைப் போன்ற ஒருத்தன் அடித்ததுதான். பீலி கட்டும்போது அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். முறிந்தால் மட்டும் அவன் வாசலில் வந்து விழும்.

நெய் பூசினதை அலங்காரக் கணக்கில் சேர்த்ததற்கும் ஒரு சின்ன ஆட்சேபணை. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசுவது மெயின்டெனன்ஸ்! பீலிக்கு வேண்டுமானால் சூலூரில் இன்றைக்கும் சாட்சி உண்டு: சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் உடம்பெல்லாம் மயில் எழுதிக்கொண்டு வானத்தில் வித்தை காட்டுகின்றன. ஔவை பார்த்திருந்தால் இன்னொரு பாட்டு கிடைத்திருக்கும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த போர் விமானம் எது? பார்க்கச் சகிக்காதது எது? (வாசகர், காங்கேயம்)

பதில்: பிடித்தது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஓட்டிய ஸ்பிட்ஃபயர். 1936 மார்ச் 5இல் முதலில் பறந்தது. வடிவமைத்த மிட்செல் அடுத்த வருஷமே இறந்துபோனார், அது சண்டைக்குப் போனதைப் பார்க்கவில்லை. அந்த நீள்வட்ட றெக்கையை அழகுக்காக யாரும் வரையவில்லை. றெக்கை மெல்லிசாகவும் இருக்க வேண்டும், உள்ளே சக்கரமும் துப்பாக்கிகளும் அடங்கவும் வேண்டும் என்றதில் வந்த வடிவம். செய்கிறவனுக்கு அது பெரும் தலைவலி. உள்ளே இருக்கிற சட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109க்கு நேர் ஓர றெக்கை, சீக்கிரம் முடிந்துவிடும். அப்படியும் 20,000க்கு மேல் ஸ்பிட்ஃபயர் செய்து தள்ளினார்கள்.

சகிக்காதது அமெரிக்காவின் ஏ-10. காட்டுப்பன்றி என்று அவர்களே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். 30 மில்லிமீட்டர், ஏழு குழல் பீரங்கி ஒன்றை மையமாக வைத்து அதைச் சுற்றி விமானத்தைக் கட்டினார்கள். சுடுகிற குழல் விமானத்தின் நடுக்கோட்டில் வர வேண்டும் என்பதால் பீரங்கி ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இடம் போதாமல் முன் சக்கரம் வலது பக்கம் ஒதுங்கிவிட்டது. எதிரே நின்று பார்த்தால் சக்கரம் ஓரஞ்சாய்ந்து நிற்பது தெரியும். சிரிப்பு வரும், வரைந்தவன் மேல் மரியாதையும் வரும்.

கேள்வி: சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டிஃபென்ஸ் ஜாப் ஆர்டர் ஒன்று வருகிறது. டிராயிங்கில் பார்ட் நம்பர் மட்டும்தான். என்ன சாமான் என்று தெரியாது. ரேட் நன்றாக இருக்கிறது. "எவன் குடி கெடுறதுக்கோ நாம எதுக்கு?" என்கிறாள் மனைவி. எடுக்கலாமா? (வாசகர், கணபதி)

பதில்: பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் இருக்கிறது. இந்த மாதிரி ஆர்டர் இனி வந்துகொண்டேதான் இருக்கும். வீட்டுக்காரம்மா கேட்டது நியாயமான கேள்வி, தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த வி-2 ராக்கெட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சுமார் 14 மீட்டர் உயரம், கூரான மூக்கு, இடுப்பு பெருத்து வால் பக்கம் ஒடுங்கும். சோதனை ராக்கெட்டுகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருப்பார்கள்; பறக்கும்போது சுழல்கிறதா என்று கீழிருந்து பார்க்க அந்தப் பெயின்ட். வளைவில் நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்தது மலைக்கடியில் குடைந்த சுரங்கத்தில், நாஜிகளின் டோரா வதை முகாம் கைதிகளை வைத்து. அது விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்கிற இடத்தில் செத்தவர்கள் அதிகம். வேலையில்தான் அழகு என்று பேசுகிற என்னைப் போன்றவர்கள் இந்த ராக்கெட்டைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. யார் கையால், எந்த நிலைமையில் செய்தது என்றும் கேட்டாக வேண்டும்.

உங்கள் பட்டறை அந்த மாதிரி இடமில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆட்கள். ராணுவமே வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் உத்தமனும் இல்லை. நானாக இருந்தால் எடுப்பேன். ஆனால் இது என்ன சாமான் என்று வாய் விட்டுக் கேட்பேன். ரகசியம் என்பார்கள். சக்கரத்துக்குப் போகிற பின்னா, குண்டுக்குப் போகிற கூடா, அந்த அளவுக்காவது சொல்லுங்கள் என்று நிற்பேன். கண்ணிவெடிக்கு என்று தெரிந்தால் ரேட் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். சண்டை முடிந்து எத்தனையோ வருஷம் கழித்து, மாடு மேய்க்கப் போன பையன் காலை எடுக்கிற சாமான் அது.

மற்றபடி வழக்கமான ஜாக்கிரதைதான். என்ன உலோகம் என்று காட்டுகிற மெட்டீரியல் சர்டிபிகேட் இல்லாத கம்பியை மிஷினில் ஏற்றாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆனால் யார் தலையில் விழும் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். டிஃபென்ஸ் என்ற பெயரைக் கேட்டு மயங்கி அட்வான்ஸ் வாங்காமல் ஆரம்பித்துவிட வேண்டாம். நடுவில் ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர்கள் பேமென்ட்டை இழுத்தடிப்பதில் கெட்டிக்காரர்கள்.