குடும்பத்தை எதை வைத்து எண்ணுவது?

வணக்கம் ஐயா,

மன்னார்குடிப் பக்கம் முதுகலை சமூகவியல் படிக்கிறேன். எங்கள் ஊரில் 40 வீடுகளை எடுத்துக் குடும்ப அமைப்பு பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். "கூட்டுக்குடும்பம் போச்சு, அதோட கட்டுப்பாடும் போச்சு" என்கிறார்கள் பெரியவர்கள். ரேஷன் கார்டுகளைப் பார்த்தாலும் பெரும்பாலும் தனிக்குடும்பம்தான். இதையே முடிவாக எழுதலாமா? செயல்பாட்டியம், மார்க்சியம், பெண்ணியம் மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதிவிடாதீர்கள். கார்டை வைத்து எண்ணியதிலேயே பிழை இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியாரும் மருமகளும் ஒரே உலையில் சாப்பிட்டாலும் கார்டைப் பிரித்துக்கொள்ள இது போதும். கார்டை நம்பினால் தனிக்குடும்பம் கூடுதலாகத் தெரியும். பட்டாவை நம்பினால் நேர்மாறு: நிலம் இன்னும் கூட்டுப்பட்டாவில் கிடக்கும், அண்ணன் தம்பிகளுக்கு அடுப்பு மூன்று இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் அட்டவணையில் உலை, நிலம், பணம் என்று மூன்று பத்தி போடுங்கள். ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் யார், நிலம் யார் பெயரில், யார் சம்பாத்தியம் எந்தச் செலவுக்குப் போகிறது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் உலைக் கணக்கில் வரமாட்டான்; தங்கை கல்யாணச் செலவு அவனுடையதாக இருக்கும். வீடு வேறு, குடும்பம் வேறு என்று குஜராத் கிராமத்தை வைத்துச் சமூகவியலாளர் ஏ.எம். ஷா 1973-ல் வற்புறுத்தியது இதற்காகத்தான். மொய் நோட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த உறவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் டெல்டாவில் இல்லை.

"கூட்டுக்குடும்பம் போச்சு" என்று சொல்பவருக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தபோது, நிலம் வைத்திருந்த பிராமணர் குடும்பமும் கூலிக்கு உழைத்த ஆதிதிராவிடர் குடும்பமும் ஒரே அச்சில் இல்லை என்று காட்டினார். பங்கு போட நிலமே இல்லாத வீட்டில் மகன்களைச் சேர்த்துக் கட்டிவைக்க எது இருந்தது? குடியிருந்த மனையே மிராசுதாருடையது. அதற்கு உரிமை தரும் சட்டம் 1971-ல்தான் வந்தது. பெரியவர்கள் சொல்வது ஒரு தெருவின் வரலாறு. அதை ஊர் முழுவதற்கும் எழுதினால் பாதி ஊர் காணாமல் போகும்.

மூன்று பார்வைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, அன்று மணமாகியிருந்தவர்களை விட்டுவிட்டு; 2005-ல் நாடு முழுவதற்கும் அந்த விலக்கு இல்லாமல் வந்தது. ஆனாலும் அக்கா தங்கைகள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். சொத்து ஆண் வழியில் நிற்பதற்கே இந்தக் குடும்ப வடிவம் என்று 1884-ல் மார்க்சியரான எங்கெல்ஸ் சொன்னது இங்கே பொருந்தும். ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டால், தாய்வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் வரவேண்டும், நாளை புருஷன் வீட்டில் சண்டை என்றால் வந்து நிற்க இடம் வேண்டும் என்பாள். குடும்பம் பிள்ளைகளை மட்டுமல்ல, வளர்ந்தவர்களின் மனத்தையும் தாங்கிப் பிடிக்கிறது என்று 1955-ல் செயல்பாட்டியரான பார்சன்ஸ் சொன்னார். அந்தத் தாங்கலுக்கு இங்கே அவள் நிலத்தை விலையாகக் கொடுக்கிறாள். இதை அவர் பார்க்கவில்லை, பெண்ணியம் பார்த்தது. உங்கள் ஆய்வின் நடு அத்தியாயம் இதுவாக இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

பெண்களிடம் "என்ன வேலை செய்றீங்க" என்று கேட்காதீர்கள். "சும்மாதான் இருக்கேன்" என்ற பதில்தான் வரும். நேற்று விடியற்காலை 4 மணியிலிருந்து என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காகக் கேளுங்கள். சோறு வடிக்கும்போதே பிள்ளையைப் பார்த்திருப்பார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வளர்ப்பு கணக்கிலேயே ஏறாது. மருமகளிடம் தனியாகப் பேசுங்கள். மாமியார் திண்ணையில் இருந்தால் பதில் மாறும். பத்திரம் காட்டினால் சர்வே எண்ணைக் குறிக்காதீர்கள். பங்காளித் தகராறில் உங்கள் நோட்டு சாட்சியாகிவிடக் கூடாது.

சம்பா நடவின்போது ஒருமுறை, அறுவடையெல்லாம் முடிந்த சித்திரையில் ஒருமுறை போங்கள். 40 வீட்டுக்கும் இரண்டு முறை முடியாதென்றால் 20 ஆகக் குறையுங்கள். அதில் பாதி காலனித் தெருவிலிருந்து இருக்கட்டும்.