முதல் மலைப்பாம்பு: வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

மகனுக்காக ஒரு பால் பைத்தான் (Ball python, பந்துபோல் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) குட்டி வாங்கினோம். மூன்று வாரமாக எலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உயிருள்ள எலியை விட்டுப் பார்க்கலாமா?
– ஸ்கார்பரோ வாசகி, கனடா

வேண்டாம். பசியில்லாத பாம்போடு அடைபட்ட எலி, பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். பாம்பை விட்டுவிட்டு, முதலில் அது இருக்கும் பெட்டியைச் சோதியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடக்கும் இனம் இது. விலாவின் இருபுறமும் சுவர் உரசினால்தான் அதற்கு நிம்மதி. அழகுக்காக வைக்கும் பெரிய குகை உதவாது. சுருண்டால் இடம் மிஞ்சாத அளவில் இரண்டு மறைவிடங்கள் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறதென்றால், சூடா பாதுகாப்பா என்று பாம்பு தவித்துப்போகும். கண்ணாடியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது சூடு. சூடான பக்கத் தரை 31–33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25–27. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள். பாம்பு படுக்கும் இடத்திலேயே உணர்முனையை வைக்கும் டிஜிட்டல் மானி வாங்குங்கள். உணவைச் செரிக்கத் தேவையான சூட்டைப் பாம்பின் உடம்பு தானாக உண்டாக்காது. சூடு போதாவிட்டால் விழுங்கிய எலி வயிற்றிலேயே அழுகி வெளியே வந்துவிடும். அதற்காக ஹீட் மேட்டை (பெட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கட்டுப்படுத்தி இல்லாமல் செருகவும் கூடாது, வயிறு வெந்துபோகும். மின்சார வெப்பக் கல்லும் அதே ஆபத்துதான்.

இவற்றைச் சரிசெய்தபின் ஒரு வாரம் பாம்பைத் தொடவே வேண்டாம். மகனுக்குப் பொறுமை கடினம்தான், ஆனால் இந்த ஒரு வாரம்தான் மருந்து. பிறகு உறைந்த எலியை இரவு முழுக்க குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். மறுநாள் மாலை அதைப் பிளாஸ்டிக் பையோடு வெந்நீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி, எடுத்துத் துடைத்து, தலையை மட்டும் ஹேர் டிரையரால் 38–40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். பைத்தானின் உதட்டிலுள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை. ஆறிய எலி அதற்கு இரையாகவே தெரியாது. மைக்ரோவேவ் வேண்டாம், எலி வெடித்துவிடும்.

விளக்கை அணைத்துவிட்டு, எலியை நீண்ட இடுக்கியால் பிடித்து மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். எடுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு, காலையில் குப்பையில் போடுங்கள். மறுமுயற்சி ஏழு நாள் கழித்துத்தான். தினமும் நீட்டினால் பிடிவாதம்தான் கூடும். 100 கிராம் குட்டிக்கு 10–15 கிராம் இரை போதும். விற்றவர் எதைக் கொடுத்துப் பழக்கினார் என்று கேளுங்கள். சுண்டெலி தின்று வளர்ந்த குட்டிக்கு வேறு எலி உணவாகவே படாமல் போகலாம்.

வாரமொருமுறை சமையல் தராசில் எடை பாருங்கள். வளர்ந்த பாம்பு குளிர்காலத்தில் சில மாதம் பட்டினி கிடந்தாலும் எடை குறையாதவரை பயமில்லை. குட்டி பத்தில் ஒரு பங்கு எடை இழந்தால் ஊர்வன மருத்துவரிடம் போய்விடுங்கள். சாப்பிட்டபின் 48 மணி நேரம் கையில் எடுக்க வேண்டாம்.

சட்டை துண்டு துண்டாக உரிந்தது. ஒரு கண்ணில் இன்னும் ஒட்டியிருக்கிறது.
– டொரொன்டோ வாசகர்

குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுகிறது. பெட்டிக்குள் ஈரப்பதம் 60 விழுக்காடு வேண்டும், சட்டை உரிக்கும் நாட்களில் 70. தேங்காய் மட்டைத் துருவலை எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தெளித்தால் ஈரத்தில் கிடந்து வயிற்றுச் செதில் அழுகும். வலை மூடியில், விளக்கு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடுங்கள்.

ஒட்டிய சட்டைக்கு, காற்றுத் துளையிட்ட டப்பாவில் வெதுவெதுப்பான ஈரத்துண்டு விரித்துப் பாம்பை அரை மணி நேரம் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். வால் நுனியில் பழைய சட்டை வளையமாக மிஞ்சினால் ரத்த ஓட்டம் நின்று நுனி செத்துவிடும். கண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். அடியில் கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் பிய்ந்து பார்வை போகலாம். அடுத்த உரிப்பிலும் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கே மலைப்பாம்பு வளர்க்கலாமா?
– கோவை வாசகர்

நம் காட்டு மலைப்பாம்பை, குட்டியானாலும், வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் அதன் ஆவணங்கள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஆபத்தா?
– லண்டன் வாசகி

கடியைவிட, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமிக்குத்தான் அஞ்ச வேண்டும். நலமான பாம்பின் எச்சத்திலும் அது இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் தொட விடாதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பெட்டியைத் தொட்டவர் யாரானாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெட்டிக்குப் பூட்டும் போடுங்கள், பைத்தான் மூடியைத் தலையால் முட்டித் தள்ளிவிடும்.