கொட்டைக்கு ஊர் பேர் இல்லாத காலம்

கேள்வி: முன்பு மத்திய அரசின் காபி போர்டே எங்கள் காபி முழுவதையும் வாங்கிக்கொண்டது. இப்போது வியாபாரி வைத்ததுதான் விலை. பழைய முறையே திரும்ப வந்தால் என்ன? (வாசகர், நாகலூர், ஏற்காடு)

பதில்: 'வாங்கிக்கொண்டது' என்கிறீர்கள். கொடுத்தே தீர வேண்டும் என்பதல்லவா சட்டம்? உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதால் 1942-இல் வந்த ஏற்பாடு. போர் 1945-இல் முடிந்தது. ஏற்பாடு முழுசாக முடிய 1996 ஆயிற்று.

விவசாயியைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள், சரி. ஆனால் எல்லார் காபியும் ஒரே 'பூலில்', அதாவது பொதுக் குவியலில், விழுந்தது. ரகத்துக்கும் கொட்டையின் அளவுக்கும் புள்ளி உண்டு, புள்ளிக்கு இத்தனை என்று பணம் உண்டு. எந்தத் தோட்டத்துக் கொட்டை என்ற அடையாளம் மட்டும் அங்கேயே தொலைந்தது.

இனி நீங்களே கணக்குப் போடுங்கள். அரபிகா வகைக் காபியைப் பழமாகப் பார்த்துப் பறிக்க ஒரே செடிக்கு மூன்று, நான்கு தடவை ஆள் விட வேண்டும். பறித்த அன்றே பல்ப்பரில் தோலுரித்து, கொட்டையின் வழவழப்பு விடும்வரை ஒரு நாள், குளிர் கூடினால் ஒன்றரை நாள் புளிக்கவிட்டு, கழுவி, களத்தில் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். அசந்தால் புளிப்பு வாடை ஏறிவிடும். இவ்வளவும் செய்து ஆறு கிலோ பழத்துக்குத் தேறுவது ஒரு கிலோ கொட்டை. கூலி உங்கள் பையிலிருந்து போகிறது. கூடிய ருசியின் பலனோ பூலில் இருக்கும் அத்தனை பேருக்கும். பிறகு யார் நான்கு தடவை ஆள் விடுவார்? பச்சையும் பழமுமாக ஒரே உருவல்தான். அதைச் சோம்பல் என்று திட்டுவது தப்பு.

பணமும் தவணை தவணையாகத்தான் வந்தது. விலைவாசி ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கைக்கு வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 83 ரூபாய். மீதி 17 எந்த ரசீதிலும் தெரியாது. 1992-இல் விளைச்சலில் 30 சதவீதத்தை உள்நாட்டில் தாங்களே விற்கலாம் என்ற அனுமதி வந்தபோது தோட்டக்காரர்கள் ஏன் மகிழ்ந்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

உங்கள் குறை பொய்யில்லை. பல்ப்பரும் களமும் இல்லாத சின்ன விவசாயி பழமாகவே விற்கிறார். நாளைக்குள் கெட்டுவிடும் என்று வியாபாரிக்கும் தெரியும். அதற்கு மருந்து பழைய பூல் அல்ல. ஊருக்கு ஒரு பொதுப் பல்ப்பர், சிமெண்டுக் களம், கூடவே கொட்டையில் எவ்வளவு ஈரம் என்று அளக்கும் ஓர் ஈரமானி கேளுங்கள். 'ஈரத்துக்குக் கழிவு' என்று வியாபாரி எடையில் கைவைக்கும்போது, ஈரமானியில் வந்த அளவைக் காட்டலாம்.