சாவி கொடுத்தவர்களிடம் எப்படிப் பேசுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை காரணமாக நானும் மனைவியும் வருடத்தில் பல மாதங்கள் வெளியூரில் இருக்கிறோம். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அண்ணன், அண்ணியிடம் இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, தபாலை எடுத்து வைப்பது எல்லாம் அவர்கள்தான். போன முறை நாங்கள் இல்லாதபோது குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் பெருகிவிட்டது. அண்ணன் நள்ளிரவில் வந்து வால்வை மூடி, மறுநாள் ஆள் வைத்துச் சரிசெய்தார். பணம் கொடுத்தால் வாங்கவே இல்லை.

இந்த முறை திரும்பி வந்தபோது, எங்கள் விருந்தினர் அறையில் அவர்களுடைய உறவினர் சில இரவுகள் தங்கிப் போயிருப்பது தெரிந்தது. அண்ணியே அதைச் சாதாரணமாகச் சொன்னார். இன்னொன்றும் நடந்திருக்கிறது. அலமாரியில் கலைந்து கிடந்த மனைவியின் மருத்துவ அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி, புது ஃபைலில் போட்டு, மேலே அவள் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார் அண்ணி. “இப்போ உடம்பு எப்படி இருக்கு?” என்று வேறு கேட்டார். அந்த சிகிச்சை பற்றி நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. பூட்டை மாற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. குழாய் உடைந்த இரவை நினைத்தால் எனக்குப் பேச நா எழவில்லை. நான் நன்றி கெட்டவனா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. நன்றியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. இரண்டுமே நியாயமானவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடக்கிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் நன்றிதான் முதலில் காணாமல் போகும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்தது அந்த ஃபைல். திருட நினைப்பவர் காகிதத்தைத் தேதி வாரியாக அடுக்க மாட்டார். உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, தேதி பார்த்து, புது ஃபைல் தேடி எடுத்து வந்து பெயர் எழுதியிருக்கிறார் என்றால் அதில் அக்கறை இருக்கிறது. ஆனால் தேதி பார்த்தவர் கண்ணில் மற்றதும் பட்டிருக்கும். உங்கள் மனைவி யாருக்கும் சொல்லாமல் காத்த ஒரு விஷயம் அவரைக் கேட்காமலேயே வெளியே போய்விட்டது. அன்போடு செய்தார் என்பதால் அந்த இழப்பு குறையாது. மனைவியின் கோபத்தைத் தயவுசெய்து சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள்.

இந்தச் சிக்கல் மிகப் பழையது. ஜஸ்டினியன் பேரரசர் 533ஆம் ஆண்டில் வெளியிட்ட ரோமானியச் சட்ட நூலில், ஊரில் இல்லாதவரின் காரியத்தை அவர் கேட்காமலேயே முன்வந்து பார்ப்பவரைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அப்படிப் பார்த்தவர் தான் செய்த செலவைக் கேட்டுப் பெறலாம். அவசரமாகக் கிளம்பிப் போக நேர்ந்தவர்களின் காரியங்கள் கவனிப்பாரற்றுப் போய்விடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். உங்கள் அண்ணன் குழாய்க்குச் செய்தது இதைத்தான். அதே நூலின் இன்னொரு பகுதி, பாதுகாத்து வைக்கக் கொடுத்த பொருளை வைத்திருப்பவர் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டால் அது திருட்டு என்கிறது. இரவல் பொருளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒரு விலக்கு தருகிறது: உடையவர் சம்மதிப்பார் என்று மனதார நம்பி, சொன்னதற்கு மேல் பயன்படுத்தியவர் குற்றவாளி ஆகமாட்டார்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த விலக்குக்குள்தான் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். உறவினர் தங்கியதை அண்ணி மறைக்கவில்லையே. நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறார். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த நம்பிக்கை பலப்படும். அடுத்த முறை இரண்டு உறவினர்கள் தங்கினால் அவர்களைக் குறை சொல்ல உங்களுக்கு வழி இருக்காது.

முதலில் குழாய்க்கு ஆன செலவைக் கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால், “அண்ணா, நீங்க வாங்கலேன்னா அடுத்த தடவை உங்ககிட்ட எதுவும் சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூலி வாங்காத வேலையில் இருக்கும் சங்கடம் இதுதான். செய்கிறவர் தன்னையறியாமல் வேறு ஏதோ ஒரு சலுகையை எடுத்துக்கொள்கிறார். பெறுகிறவரால் வாய் திறக்க முடிவதில்லை. அந்தக் காலி அறையை அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அறை விஷயத்தை நீங்களே நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம். “அண்ணா, நாங்க இல்லாதப்ப வேற யாரும் தங்குறது எங்களுக்குச் சரிப்படாது. நீங்க ரெண்டு பேர் மட்டும் வந்து போனா போதும்.” இவ்வளவுதான். போன முறை நடந்ததைக் கிளற வேண்டியதில்லை. காரணம் ஜோடிக்கவும் வேண்டாம். பல வீட்டுக் காப்பீடுகளில், வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் ஆளில்லாமல் கிடந்தால் இழப்பீடு குறையும் அல்லது கிடைக்காது என்ற நிபந்தனை இருக்கிறது. உங்கள் பாலிசியைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். ஆனால் ‘காப்பீட்டில் வேறு யாரும் தங்கக் கூடாதாம்’ என்று அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள். காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் உங்களுக்குச் சம்மதம் என்று ஆகிவிடும்.

ஃபைலைப் பற்றிப் பேசுவதா என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். பேசுவதென்றால் அவரும் அண்ணியும் தனியாக இருக்கும்போது பேசட்டும். “அக்கறையா செஞ்சீங்கன்னு தெரியும் அண்ணி. ஆனா அது நான் யார்கிட்டயும் சொல்லாத விஷயம். உங்களோடயே இருக்கட்டும்” என்றால் போதும். அண்ணி அந்த இடத்தில் கூனிக் குறுகக்கூடும். அதற்காகச் சொல்ல வந்ததை உங்கள் மனைவி பாதியில் விழுங்கிவிட வேண்டாம்.

சொல்லாமல் பூட்டை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய சாவியோடு வந்து திறக்க முடியாமல் வாசலில் நிற்கும்போதுதான் அவர்களுக்கு விஷயம் தெரியவேண்டுமா? மறைத்துக் கேமரா வைப்பது அதைவிட மோசம். கேமரா வேண்டுமென்றால் வையுங்கள், எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் வேலை செய்யும் எண் கொடுக்கக்கூடிய மின்னணுப் பூட்டுகள் இருக்கின்றன. யார் எப்போது திறந்தார்கள் என்பதைப் பதிவு செய்பவையும் உண்டு. அதுவும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதங்கள், நகை, பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டி, அந்தச் சாவியை உங்களோடு எடுத்துப் போங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தபாலைப் பிரிக்காமல் ஓர் இடத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். எந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பதை எழுதிக் கொடுங்கள். அன்பு மிகுந்தவர்கள் தண்ணீரை அதிகம் ஊற்றிவிடுவார்கள், வேர் அழுகிவிடும். தண்ணீர் வால்வு, மின்சார மெயின் இரண்டும் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டு, அவசரம் என்றால் எந்த அறைக்கும் போகலாம், போன பிறகு ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டால், அடுத்த முறை குழாய் உடையும்போது அண்ணன் உள்ளே வரலாமா என்று வாசலிலேயே தயங்கி நிற்பார்.

இத்தனை நாளில் நீங்கள் அவர்களிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை: இந்தப் பொறுப்பு அவர்களுக்குச் சிரமமாக இல்லையா? வருடத்தில் பல மாதங்கள் இன்னொரு வீட்டைச் சுமப்பது சின்ன வேலை இல்லை. அவர்களும் எங்காவது போக நினைத்து, உங்கள் செடிகளுக்காக நாளைத் தள்ளிப் போட்டிருக்கலாம். கேளுங்கள். முடியவில்லை என்றால் சம்பளத்துக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொண்டு, சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாவி கைமாறிய பிறகும் அவர்கள் பக்கத்து வீட்டு அண்ணன், அண்ணியாகவே இருக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்