ரெண்டு சுழியா, மூணு சுழியா? 31 வருடம் புரூஃப் பார்த்தவனிடம் கேளுங்கள்

அச்சகம், பதிப்பகம் என்று 31 வருடம் புரூஃப் பார்த்தே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவன் நான். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி, கோயில் மலர், நாவல், வங்கிப் படிவம் எல்லாம் கை வழியாகப் போயிருக்கின்றன. புலவர் பட்டம் கிடையாது. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஐயா, இன்றைக்கு யாருக்குமே பிழையில்லாமல் தமிழ் எழுத வரவில்லை. முன்பெல்லாம் இப்படியா இருந்தது?

முன்பு நீங்கள் பார்த்ததெல்லாம் அச்சில் வந்த தமிழ். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் கொஞ்சம் திருத்துவார், புரூஃப் பார்ப்பவன் கொஞ்சம் திருத்துவான், ஆசிரியர் கடைசியாக ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம்தான் அது உங்கள் கைக்கு வரும். இப்போது மூன்று பேரும் இல்லை, எழுதியவர் கையிலிருந்து நேராக உங்கள் கைபேசிக்கு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பரணில் என் அத்தை எழுதிய இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. "இங்கு நள்ள மளை. மாடு கண்ணு போட்டிருக்கு" என்று ஆரம்பிக்கும். எழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார், இங்கே இருப்பவை நான் வைத்தவை. அந்தக் கடிதங்களை எங்கள் குடும்பத்தைத் தவிர யாரும் படிக்கவில்லை, அதனால் தமிழ் அழிகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. பெயர் பெற்ற எழுத்தாளர்கள் சிலரின் கைப்பிரதியையும் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், சோறு போட்டவர்கள்.

ஆக, பிழை கூடிவிட்டதா என்றால், எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள், மறைப்பதற்கு ஆள் இல்லை. தரம் விழவே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. புத்தகம் போடுகிறவர்களே புரூஃப் பார்க்கக் காசு ஒதுக்காமல் விட்டால் அது வீழ்ச்சிதான். அதை அத்தை தலையில் கட்டாதீர்கள்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

வாழ்த்துகள் என்று எழுதுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

சொன்னது புரிந்தால் போதாதா? ல, ள, ழ மாறினால் என்ன குடி முழுகிவிடும்?

முதலில் ஒரு உண்மை. நம் நாக்கில் போய்விட்ட வேறுபாடுகளைத்தான் எழுத்தில் கேட்கிறோம். ழ பல ஊர்களில் ள ஆகிவிட்டது, சென்னையின் சில பேட்டைகளில் ய ஆகி "வாயப்பயம்" ஆனது. ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்கிறவர்கள் குமரிப் பக்கம் இருக்கிறார்கள், மற்ற ஊர்களில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். னகரத்துக்கும் நகரத்துக்கும் காதில் வித்தியாசமே தெரியாது. காதில் விழாததைக் கை தானாக எப்படி எழுதும்? கண்ணால் பழகித்தான் எழுத வேண்டும், அதாவது படித்துப் படித்து. தப்பாக எழுதுகிறவர் சோம்பேறி இல்லை, நிறையப் படிக்க வாய்க்காதவர், அவ்வளவுதான்.

இரண்டாவது, குடி முழுகுமா? சில இடத்தில் முழுகும். "அரை வாடகைக்கு" என்று பலகை வைத்தால் சிரித்துவிட்டு வீட்டைப் பார்க்க வந்துவிடுவார்கள். "ஆட்டுக் கரி" என்றால் அடுப்புக் கரி வாங்க யாரும் வரப்போவதில்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆனால் புதுமணத் தம்பதிக்கு "உங்கள் வாழ்வு என்றும் ஒழியட்டும்" என்று ஒரு பெரியவர் மனதார வாழ்த்தி அனுப்பியதை நானே பார்த்தேன். "ஒளிரட்டும்" என்று அடிக்கப் போயிருக்கிறார். அவர்மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆங்கில எழுத்தில் அடித்தால் கைபேசி நான்கு சொல் நீட்டும், முதலில் வருவதைத் தொட்டுவிடுவோம்.

அதனால் ஒரே ஒரு எச்சரிக்கை, இன்றைக்கு இன்னும் பத்து முறை சொல்வேன்: அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

ரெண்டு சுழி, மூணு சுழி எங்கே போடுவது என்று எனக்கு இந்த வயதிலும் குழப்பம். எளிய வழி உண்டா அண்ணா?

உண்டு, யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ன, ண, ந மூன்றுக்கும் பழைய வாத்தியார்கள் வைத்த பெயர் தெரியுமா? றன்னகரம், டண்ணகரம், தந்நகரம். பெயரிலேயே விதி இருக்கிறது. றகரத்துக்கு முன்னால் வருவது ன் (கன்று, தென்றல், நன்றி). டகரத்துக்கு முன்னால் ண் (வண்டி, கண்டேன்). தகரத்துக்கு முன்னால் ந் (பந்து, வந்தேன்). நாக்கு எந்த இடத்தில் படுகிறதோ அதே இடத்து மெல்லெழுத்து முன்னால் நிற்கும். "வன்டி" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு முரண்டு பிடிக்கும். இன்னொன்று, தமிழ்ச் சொல்லின் முதலெழுத்தாக னகரமோ ணகரமோ வராது, நகரம் மட்டும்தான். இந்த இரண்டிலும் அடங்காதது மனம், மணம் மாதிரிச் சொற்கள், அவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது, மனப்பாடம்தான்.

க், ச், த், ப் எங்கே போடுவது?

முழு விதிகளும் எழுதினால் விடிந்துவிடும். இரண்டை மட்டும் பிடியுங்கள். ஐ முடிவுக்குப் பின் போடுங்கள் (அவனைப் பார்த்தேன்), கு முடிவுக்குப் பின் போடுங்கள் (கடைக்குப் போனேன்). என் மேசைக்கு வந்த ஒற்றுப்பிழையில் பாதிக்கு மேல் இந்த இரண்டுதான். தேவையில்லாமல் போடுவது இன்னொரு வியாதி. "வந்தப் பையன்" வேண்டாம், "வந்த பையன்". "அந்தப் பையன்" சரி.

ஒற்று எதற்கு என்றால், "கீரைக் கடை" என்பது கடை, "கீரை கடை" என்றால் மத்தை எடுத்துக் கடையச் சொல்கிறீர்கள். "தந்தப் பலகை" யானைத் தந்தத்தில் செய்தது, "தந்த பலகை" யாரோ கொடுத்தது.

சுவற்றில் எழுதாதே என்பது சரியா?

சுவரில். சுவர் என்ற சொல்லில் றகரம் இல்லை. வயிறு, வயிற்றில், அது சரி.

முயற்சிக்கிறேன்? பதட்டம்? கோர்த்து? இயக்குனர்?

முயல்கிறேன். பதற்றம். கோத்து. இயக்குநர் (ஓட்டுநர், பெறுநர் போல). பட்டியல் போட்டுக் கேட்டால் பட்டியல் போட்டுத்தான் பதில்.

வாழ்த்துக்கள் தவறா ஐயா?

மேலே சொல்லிவிட்டேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "சண்டை போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியது பொறுப்பற்ற பேச்சு. வாழ்த்துக்கள் என்றால் வாழ்த்துவதற்கு ஊற்றும் கள் என்று பொருள். பிழையைப் பிழை என்று சொல்லத் துணிவு வேண்டாமா?

வணக்கம் ஐயா. துணிவு இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கள் ஜோக் அலுத்துவிட்டது. "வாழ்த்துக்கள்" என்று பார்த்து உண்மையிலேயே பனங்கள் நினைவுக்கு வந்த ஒரு ஆளைக் காட்டுங்கள். கள் ஒரு விகுதி, தனிச்சொல் இல்லை, அதனால் குற்றியலுகரத்துக்குப் (வாழ்த்து என்பதில் குறுகி ஒலிக்கும் கடைசி உகரம்) பின் ஒற்று மிகாது என்பதே உங்கள் கட்சி. நல்ல கட்சி, நானும் அப்படித்தான் திருத்துகிறேன். ஆனால் பழைய அச்சு நூல்களைப் புரட்டினால், இலக்கண நூல்களிலேயே "எழுத்துக்கள்" என்று தாராளமாகக் கிடக்கும். அவர்களெல்லாம் தமிழ் தெரியாதவர்களா? இன்னொன்றும் கவனியுங்கள். வாயால் சொல்லும்போது கருத்துக்கள், வாழ்த்துக்கள் என்று அழுத்துகிறவர்கள்கூட "வாக்குக்கள்", "கணக்குக்கள்" என்று சொல்வதில்லை. விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே, நாக்கு மட்டும் ஏன் பிரித்துப் பார்க்கிறது? எனக்கு அதுதான் சுவாரசியமே தவிர, யார் குற்றவாளி என்பது இல்லை.

அதே ஆசிரியர்: விதியைத் தளர்த்தினால் நாளைக்கு எதையும் எழுதலாம் என்றாகிவிடும்.

ஆகாது. என் மூன்று பத்தாண்டு வேலையில் நான் செய்த மிக மோசமான தவறைச் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பத்திரிகை, 400 பிரதி. தாத்தா இறந்துவிட்டார், பாட்டி உயிரோடு இருக்கிறார். "காலஞ்சென்ற" என்று போட்டு, தாத்தா பெயர், ஒரு சிறு கோடு, பாட்டி பெயர், பிறகு "தம்பதியரின் பேரன்". எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒற்று எல்லாம் கச்சிதம். நான்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்துவிட்டு, "என்னையும் சேர்த்து அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். பாட்டி பெயரை முன்னால் போட்டு, "காலஞ்சென்ற" என்பதைத் தாத்தா பெயரோடு ஒட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். எல்லாவற்றையும் திரும்ப அடித்தோம், காகிதக் காசு என் சம்பளத்தில் போனது. வாழ்த்துக்கள் என்று அடித்ததற்காக யாரும் என்னிடம் காசு பிடித்ததில்லை.

பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல என்று நன்னூலே சொல்கிறதே, அப்புறம் என்ன?

நன்னூலின் கடைசி நூற்பா அது. அதற்கு முன்னால் 400-க்கு மேல் இருக்கின்றன, அவற்றையும் ஒருமுறை பாருங்கள் தம்பி.

எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் தமிழ் அழியும் என்று பயந்தார்களா?

முணுமுணுத்தார்கள். ஓலைக் காலத்திலிருந்தே எழுத்து மாறிக்கொண்டுதான் வருகிறது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள், அந்த வகையில் என் அத்தை பழைய மரபுக்காரர். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் போடும் வேறுபாடு வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய ணை, லை, ளை, னை எல்லாம் போனது 1978-ல், எம்.ஜி.ஆர். அரசின் ஆணையால். பெரியார் அதை 1935-லேயே தன் குடிஅரசு இதழில் தொடங்கிவிட்டார். ஐ, ஔ இரண்டையும் அய், அவ் ஆக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார், அதை மட்டும் அரசு எடுக்கவில்லை. என் அம்மா கடைசிவரை தும்பிக்கை லைதான் போட்டார்.

நான் கனடாவில் இருக்கிறேன். நாங்கள் ரொறன்ரோ என்று எழுதினால் இந்திய நண்பர்கள் சிரிக்கிறார்கள். எது பிழை?

இரண்டும் பிழை இல்லை. ஆங்கில ட்டீ நம் டகரம் அளவுக்கு நாக்கை மடித்துச் சொல்வதில்லை, நுனி மேலண்ணத்தின் முன்பக்கம் படும், றகரம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில். யாழ்ப்பாண வழக்கு அதைப் பிடித்துக்கொண்டு ரிக்கெற், ரெலிபோன் என்று எழுதுகிறது. தமிழ்நாட்டார் டகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மொழிமுதலில் டகரம் வராது என்று அவர்கள் உங்களிடம் மடக்கினால் பயப்படாதீர்கள், ரகரமும் வராது, இருவரும் சமம். சிரிக்கிறவர்களை "டிக்கெட்" என்று நாக்கை மடித்துச் சொல்லிவிட்டு, அதை லண்டனில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தையின் பெயரில் நியூமராலஜிப்படி ஒரு க் சேர்க்கலாமா?

வேறு ஆளைப் பாருங்கள்.

போட்டித் தேர்வில் கருப்பா, கறுப்பா என்று கேட்டால்?

தேர்வுக்குப் பாடநூலில் இருப்பதை எழுதுங்கள், என்னிடம் கேட்டு மதிப்பெண் இழக்காதீர்கள். தொல்காப்பியம் "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது, அதாவது கோபம். அடுத்த நூற்பாவிலேயே நிறத்துக்கும் ஆகும் என்றும் சொல்லிவிடுகிறது.

எழுத்துப்பிழை திருத்தும் செயலியை நம்பலாமா?

வாணி, நாவி இரண்டும் நல்ல கருவிகள், பயன்படுத்துகிறேன். ஆனால் "அரை" என்பதும் சரியான சொல், "அறை" என்பதும் சரியான சொல், உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். வாய்விட்டுப் படியுங்கள்.

ஐயா, வாழ்த்துக்கள் என்று எழுதினால்...

விடுங்கள்.

புதிதாக மளிகைக் கடை வைக்கிறேன். "இங்கு தரமான மளிகை பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்" என்று பலகை எழுதியிருக்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். பொருட்களா, பொருள்களா என்று மாமனாருக்கும் எனக்கும் வாக்குவாதம்.

பொருள்கள் என்பதும் நடக்கும், பொருட்கள் என்பதும் நடக்கும், மாமனார் சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். "மளிகைப்" என்று ஒரு ப் நுழைக்க இடம் இருந்தால் நுழைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் அரிசி விற்கும். கீழே கைபேசி எண்ணைப் பார்த்தீர்களா? ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது.