காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறப் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து நாள் ரயில் பயணம் போகிறோம். காரை நிலைய நிறுத்தத்திலேயே விட்டுப் போகலாமா? திரும்பி வரும்போது பேட்டரி இறங்கியிருக்குமோ?

பதில்: விடலாம். ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் அனுமதிப்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள். வாசலை ஒட்டிய இடம் பெரும்பாலும் சில மணி நேரம் நிறுத்துபவர்களுக்கானது. நாள்கணக்கில் விட்டால் கட்டணம் எகிறும். சில இடங்களில் சக்கரத்துக்குப் பூட்டே போட்டுவிடுவார்கள். அதைவிட முக்கியம், இரவில் கதவு சாத்துவார்களா என்பது. திரும்பும் ரயில் தாமதமாகி இரண்டு மணிக்கு வந்தால், விடியும்வரை சாமான்களோடு வெளியில்தான் நிற்க வேண்டும். முன்பதிவு செய்யும் நிறுத்தமானால் ஒரு நாள் கூடுதலாகவே போடுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். அணைத்து வைத்த காரும் அலாரம், ரிமோட் பூட்டு போன்றவற்றுக்காகக் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லியாம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி (பேட்டரியில் உள்ள மின்சாரத்தை அளக்கும் அலகு), பத்து நாளுக்கு 12. நல்ல நிலையில் உள்ள 45 ஆம்பியர் மணி பேட்டரி இதைத் தாங்கும். காலை வாருவது பார்க்கிங் மோடில், அதாவது கார் நின்றிருக்கும்போதும் பதிவு செய்துகொண்டே ஓடும் டேஷ்கேம் (காருக்குள் பொருத்தும் கேமரா)தான். அது 300 மில்லியாம்பியர் இழுத்தால் நான்கு நாளில் ஏறக்குறைய 29 ஆம்பியர் மணி போய்விடும். அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய பேட்டரியானால் கிளம்புமுன் கடையில் சோதித்துவிடுவது நல்லது.

சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தால் ஹேண்ட் பிரேக் தேவையில்லை. ஈரத்தோடு இழுத்து வைத்தால் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தரைக்குக் கீழ்த்தள நிறுத்தம் வேண்டவே வேண்டாம், தண்ணீர் புகுந்துவிடலாம்.

கேள்வி: இரண்டு ரயிலுக்கும் தனித்தனி டிக்கெட். இடையில் 50 நிமிடம் இருக்கிறது. போதுமா?

பதில்: இரண்டாவது ரயில் தவறினால் அடுத்தது எப்போது என்பதைப் பொறுத்தது. மணிக்கு ஒன்று என்றால் தாராளமாகப் போதும். நாளுக்கு ஒன்றுதான் என்றால் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். இரவு தங்கி மறுநாள் ஏறினாலும் தப்பில்லை.

முதல் ரயில் அந்த நிலையத்துக்குக் கடந்த ஒரு மாதத்தில் வந்த நேரங்களைப் பாருங்கள். சராசரியை நம்பாதீர்கள், மிக மோசமான இரண்டு மூன்று நாளைக் கணக்கில் எடுங்கள். பல ரயில்களின் அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முன் உபரி நிமிடங்கள் சேர்த்திருப்பார்கள். வழியில் அரை மணி தாமதமாக ஓடும் ரயில் முடிவில் சரியான நேரத்துக்கு வருவது அதனால்தான். இடைநிலையத்தில் மாறுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. முடிந்தால் முதல் ரயில் முடியும் நிலையத்தில் மாறுங்கள். அங்கும் நடைமேடை காலியாகாமல் ரயில் அவுட்டரில் (நிலையத்துக்கு வெளியே சிக்னலில்) நிற்கலாம். அதற்கும் கொஞ்சம் நேரம் விடுங்கள்.

தவறினால் பணம் யாருடையது என்பது அடுத்த விஷயம். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் இரண்டு பி.என்.ஆர்.களை (டிக்கெட் முன்பதிவு எண்கள்) இணைக்கலாம். பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் பொருந்த வேண்டும். முதல் ரயில் தாமதத்தால் அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குரிய கட்டணம் ரத்துப் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். ஆனால் முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கோர வேண்டும், இ-டிக்கெட்டுக்கு டி.டி.ஆர். (பணம் திரும்பக் கோரும் மனு) பதிவு செய்ய வேண்டும். இணைக்காத டிக்கெட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: இரவு 9.30 ரயிலுக்குக் காரை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்?

பதில்: பின்னாலிருந்து எண்ணுங்கள். 9.10க்கு நடைமேடையில் இருக்க வேண்டும். பெட்டிகளோடு நடக்க 15 நிமிடம், இடம் தேடி நிறுத்த 20 நிமிடம். ஆக, 8.35க்கு நிறுத்தத்தின் வாசலில் இருக்க வேண்டும். அந்த நேரத்து நெரிசலில் ஆகும் பயண நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக் கழியுங்கள்: 40 நிமிட வழியானால் 7.35க்குக் கிளம்ப வேண்டும். பெரியவர்களையும் சாமான்களையும் வாசலில் இறக்கிவிட்ட பிறகு காரை நிறுத்தப் போங்கள்.

நள்ளிரவு தாண்டிய ரயிலானால் தேதியை இன்னொரு முறை பாருங்கள். 15ஆம் தேதி 00.10க்கு ரயில் என்றால், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். கார் நிறுத்தத்தையும் 14ஆம் தேதியிலிருந்தே பதிவு செய்யுங்கள்.